கதவுச் சத்தத்துக்கு ஏன் கை நடுங்குகிறது? ட்ரிகர் பற்றி ஓர் எளிய விளக்கம்

"அந்தப் பதிவைப் பார்த்து ட்ரிகர் ஆகிட்டேன்" என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்கிறார்கள். பிடிக்காத கருத்தைப் படித்து எரிச்சல் வந்தாலும் ட்ரிகர், பழைய பாட்டு கேட்டு மனசு கனத்தாலும் ட்ரிகர். இப்படிப் புழங்கிப் புழங்கி, நிஜமாகவே அதோடு வாழ்கிறவர்கள் வாயைத் திறந்தால் "நீ ரொம்ப சென்சிட்டிவ்" என்ற பதில்தான் கிடைக்கிறது.

வீட்டுக்குள் அடிபட்டவர்கள், சிறுவயதில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள், துணையின் வசவுக்கும் மிரட்டலுக்கும் நடுவே வருடக்கணக்கில் காலம் தள்ளியவர்கள் ஆகியோரின் அனுபவம் வேறு. ஒரு சத்தமோ ஒரு வாசனையோ குரலில் லேசான ஏற்றமோ போதும். முடிந்துபோன ஆபத்து இந்த நிமிடம் நடப்பதுபோல் உடம்பு மொத்தமும் பதறும். அவர்களுக்கு இரண்டு அறிவுரைகள் தவறாமல் கிடைக்கும். ஒன்று, "பழசை மறந்துடு". மற்றொன்று, "அந்த மாதிரி இடத்துக்கே போகாதே". இரண்டும் அக்கறையில் சொல்லப்படுபவைதான், ஆனால் இரண்டுமே பெரும்பாலும் பலிக்காது. காரணம் புரிய வேண்டுமென்றால் பயத்தை உடம்பு எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சூடு கண்ட பூனை

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். அந்தப் பூனை கற்றுக்கொண்டது எதை? "அன்றைக்கு அந்த நேரத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது" என்பதை அல்ல. அடுப்பங்கரை என்றாலே ஆபத்து என்பதைத்தான். அணைந்து மூன்று நாளான அடுப்பும் அதற்கு ஒன்றுதான். பக்கத்தில் இருந்த பாத்திரம், புகை வாசனை, அந்த மூலையின் இருட்டு எல்லாமே வலியோடு சேர்ந்து ஒரே கட்டாகிவிட்டன. இன்னொன்றும் உண்டு. அந்தப் பக்கமே போகாததால், அடுப்பு ஆறிப்போன விஷயம் பூனைக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

உணவு வருவதற்கு முன்பு ஒலி எழுப்பிப் பழக்கினால், நாளடைவில் ஒலி கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறும் என்று ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லோவ் காட்டியது பள்ளிப் பாடத்திலேயே வரும். எச்சிலுக்குப் பதில் பயத்தை வைத்துப் பாருங்கள். தன்னளவில் ஒரு தீங்கும் செய்யாத ஒரு பொருள், வலியோடு சேர்ந்தே வந்ததால், வலி இல்லாதபோதும் பயத்தைக் கிளப்புவதை உளவியலில் 'நிபந்தனைப் பயம்' என்கிறார்கள். அப்படிக் கிளப்பும் பொருள்தான் ட்ரிகர். அது ஒத்த பொருள்களுக்கும் பரவும். ஒருவருடைய தடித்த குரலுக்குப் பயந்த உடம்பு, பிறகு எல்லாத் தடித்த குரலுக்கும் பயப்படும்.

அதனால் ட்ரிகர்கள் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் மட்டும் இருப்பதில்லை. அடித்தவரின் முகமோ பெயரோ பதற்றம் தந்தால் எல்லோருக்கும் புரியும். ஆனால் பூட்டில் சாவி திரும்பும் சத்தம், ஒரு குறிப்பிட்ட சோப்பு வாசனை, மாலை ஆறு மணி, மாடிப்படியில் காலடி, மதுவின் நெடி போன்றவையும் அதையே செய்யும். வெளியாட்களுக்கு நம்பவே முடியாத ஒன்று, அமைதியும் ட்ரிகராகலாம் என்பது. சண்டைக்கு முன்பு வீடு எப்போதும் அமைதியாகிவிடும் என்றால், உடம்பு கற்றுக்கொண்டது அந்த அமைதியைத்தான். அன்பான பேச்சுக்கும் இதே கதிதான். அடித்த மறுநாள் பூவும் மன்னிப்பும் வந்த வீட்டில் வாழ்ந்தவருக்கு, புதிதாகப் பழகும் ஒருவர் காட்டும் கனிவே வயிற்றைக் கலக்கலாம். "நல்லவரைப் பார்த்தால் ஏன் பயம் வருகிறது" என்று குழம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் விடை இங்கேதான் இருக்கிறது.

சுருக்கமாக, ட்ரிகர் என்பது உடம்பு கற்றுக்கொண்ட ஒரு தொடர்பு. எண்ணிப் பார்த்து எடுத்த முடிவு அல்ல என்பதால், எண்ணிப் பார்த்து அதை அழிக்கவும் முடியாது.

மூளை எந்த வழியில் போகிறது

மூளையின் உட்பகுதியில், பாதாம் பருப்பு வடிவில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு திரள்கள் உள்ளன. அவற்றின் பெயர் அமிக்டலா. 'இது ஆபத்தா' என்று சலித்துப் பார்ப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அமெரிக்க நரம்பியலாளர் ஜோசப் லெடூ எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், பயமூட்டும் ஒலி அமிக்டலாவை இரண்டு வழியாக அடைவதைக் கண்டார். ஒன்று குறுக்கு வழி. அதில் விவரம் குறைவு, வேகம் அதிகம். மற்றொன்று மூளையின் வெளியடுக்கான புறணி வழியாகச் சுற்றி வருவது. அது என்ன சத்தம், யாருடையது என்ற விவரங்களோடு சற்றுத் தாமதமாக வரும். மனித மூளையில் இது இன்னும் சிக்கலானது என்றாலும், அன்றாட அனுபவம் இதோடு நன்றாகவே பொருந்துகிறது. முதலில் உடம்பு குதிக்கும், அப்புறம்தான் "ஓ, காற்றில் கதவு சாத்திக்கொண்டது" என்று புரியும். மூக்குக்கு இன்னும் நேரான வழி இருக்கிறது. மற்ற புலன்களின் செய்திகள் தாலமஸ் என்ற இடைநிலையம் வழியாகப் போகும்போது, வாசனைச் செய்தி அதைக் கடக்காமலே அமிக்டலாவைத் தொட்டுவிடும். மணத்தால் வரும் ட்ரிகர்கள் இவ்வளவு சட்டென்று தாக்குவதற்கு இது ஒரு காரணம்.

ஹிப்போகாம்பஸ் என்ற இன்னொரு பகுதி, நினைவுக்குத் தேதியும் இடமும் குறித்து வைப்பது. "இது நடந்தது அப்போது, அங்கே" என்று நமக்குத் தோன்றுவது அதன் உதவியால்தான். கடுமையான பயத்தில் இருக்கும்போது இந்தக் குறிப்பு சரியாக ஒட்டுவதில்லை என்பது இன்று பல ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். வலி, சத்தம், வாசனை போன்ற துண்டுகள் அழுத்தமாகப் பதியும், 'அப்போது' என்ற முத்திரை மட்டும் மங்கலாக விழும். அந்தத் துண்டு பிறகு கிளறப்படும்போது முத்திரை இல்லாததால் 'இப்போது' போலவே தோன்றும்.

இதைத்தான் ஃப்ளாஷ்பேக் என்கிறார்கள். சினிமா பார்த்துப் பழகிய நமக்கு ஃப்ளாஷ்பேக் என்றால் படம் படமாக ஓட வேண்டும். நிஜத்தில் பல சமயம் படமே வராது. ஒரு காட்சியும் நினைவுக்கு வராமல், வெட்கமும் அச்சமும் 'நான் தொலைந்தேன்' என்ற உணர்வும் மட்டும் மேலே வந்து கவியும். சிறுவயதில் நீண்ட காலம் துன்புறுத்தப்பட்டவர்களிடம் இது அதிகம். படம் இல்லாததால் தங்களுக்கு நடப்பது ட்ரிகர் என்றே அவர்களுக்குத் தெரியாது. "திடீர்னு மூட் அவுட்" என்று சொல்லி அதைக் கடந்துவிடுவார்கள்.

உடம்பு எடுக்கும் நான்கு வழிகள்

ஆபத்தில் உடம்பு எதிர்க்கும் அல்லது ஓடும் என்று அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-இல் எழுதினார். அட்ரினலின் பாய்ந்து, இதயம் வேகமெடுத்து, ரத்தம் தசைகளுக்குத் திரும்பும் நிலை அது. பிறகு இன்னும் இரண்டு சேர்க்கப்பட்டன. ஒன்று உறைந்துபோதல். பேச்சு வராது, கை கால் நகராது. மற்றொன்று இணங்கிப்போதல். எதிரே இருப்பவரைச் சமாதானப்படுத்த உடம்பு தானாகச் சிரிக்கும், "சரி சரி" என்று தலையாட்டும், தப்பே செய்யாமல் மன்னிப்புக் கேட்கும். எதிர்க்கவோ ஓடவோ முடியாத குழந்தைக்கு இந்த இரண்டுதான் மிச்சம் என்பதால், பெரியவரான பிறகும் அவை ஒட்டிக்கொண்டே இருக்கும். "ஏன் சும்மா இருந்தே" என்ற கேள்வி இவர்களிடம் கேட்கக் கூடாத கேள்வி. சும்மா இருந்ததும் உடம்பின் தற்காப்புதான்.

உறைதல் ஆழமானால், தன் உடம்பைத் தானே தூரத்திலிருந்து பார்ப்பதுபோலவும் சுற்றிலும் உள்ளவை பொம்மைபோலவும் தோன்றும். இதை டிசோசியேஷன் என்பார்கள், தமிழில் விலகல் நிலை. இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்: சிலருக்கு உடம்பு வேகமெடுக்கும், சிலருக்கு அணைந்துபோகும். ஒரே ஆளுக்கு இரண்டும் மாறி மாறி வருவதும் உண்டு. செய்ய வேண்டியது இந்த இரண்டுக்கும் ஒன்றல்ல.

முதல் கேள்வி: ட்ரிகரா, நிஜ ஆபத்தா?

எந்தப் பயிற்சிக்கும் முன்னால் இதைக் கேட்டே ஆக வேண்டும். துன்புறுத்துகிறவர் இன்னும் அதே வீட்டில் இருந்தால், இன்னும் மிரட்டினால், பின்தொடர்ந்தால், உங்கள் பதற்றம் பழைய நினைவு அல்ல, சரியான தகவல். அதை மூச்சுப் பயிற்சியால் அமுக்குவது ஆபத்தான வேலை. அங்கே தேவைப்படுவது பாதுகாப்புத் திட்டம்: நம்பகமான ஓரிருவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அடையாள ஆவணங்களும் கொஞ்சம் பணமும் எடுத்துப்போகத் தயாராக இருக்க வேண்டும், உங்கள் பகுதியில் உள்ள வன்முறை உதவி எண் கையில் இருக்க வேண்டும். போனை அந்த நபர் சோதிக்கிறார் என்றால், தேடல்களையும் அழைப்புகளையும் வேறொருவர் போனில் செய்வது நல்லது. வீட்டை விட்டுப் பிரியும் காலமே பலருக்கு ஆபத்து கூடும் காலம் என்பதால், அதைத் தனியாகத் திட்டமிடாமல் இந்தத் துறையில் பழகியவர்களோடு சேர்ந்து திட்டமிட வேண்டும்.

சந்தேகமாக இருந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். இந்த நபர் முன்பு எனக்குத் தீங்கு செய்திருக்கிறாரா? இப்போது அவர் செய்வது, வேறு ஒருவருக்குச் செய்திருந்தாலும் எனக்குத் தவறாகப்படுமா? இங்கிருந்து என்னால் போக முடியுமா? விடைகள் ஆபத்து என்று சொன்னால் முதலில் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். ஆராய்ச்சி அப்புறம். இனி வருவதெல்லாம், ஆபத்து முடிந்த பிறகும் உடம்பு பதறுகிற நிலைக்கானது.

அந்த நிமிடத்தில் என்ன செய்வது

வரிசை முக்கியம். முதலில் உடம்பு, பிறகு இடம், கடைசியில்தான் எண்ணம். பெரும்பாலோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். "ஒன்றும் இல்லை, ஏன் இப்படிப் பண்றே" என்று தங்களோடு தாங்களே வாதாடுவார்கள். ஆனால் பயம் உச்சத்தில் இருக்கும்போது, நிதானமாக எடைபோடும் முன்மூளையின் பிடி தளர்ந்திருக்கும். அப்போது செய்யும் வாதம் எடுபடாது. எடுபடவில்லையே என்ற பதற்றம்தான் கூடும்.

உடம்பு வேகமெடுத்திருந்தால் மூச்சை வெளியே விடுவதிலிருந்து தொடங்குங்கள். "ஆழமா மூச்சு இழு" என்று எல்லோரும் சொல்வார்கள். அதில்தான் தவறு நடக்கிறது. பதற்றத்தில் ஏற்கெனவே அதிகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருப்போம். இன்னும் இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி, உதட்டோரம் மரத்துப்போகும். அதைக் கண்டு பயம் இரட்டிப்பாகும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும், இழுக்கும்போது கூடும். எனவே விடுவதை நீட்ட வேண்டும். மூக்கு வழியாக 4 எண்ணும்வரை சாதாரணமாக இழுத்து, உதட்டைக் குவித்து 6 எண்ணும்வரை மெல்ல விடுங்கள். இந்தக் கணக்கில் நிமிடத்துக்கு சுமார் 6 மூச்சு வரும். மூன்று முதல் ஐந்து நிமிடம் தொடரலாம். முதல் நிமிடத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடாதீர்கள்.

மூச்சைக் கவனிப்பதே சிலருக்கு ட்ரிகர். கழுத்தை நெரித்தோ வாயைப் பொத்தியோ துன்புறுத்தப்பட்டவர்களுக்கு இது நடக்கலாம். அவர்கள் மூச்சை விட்டுவிட்டு, உள்ளங்கால்களைத் தரையில் அழுத்தி 10 எண்ணித் தளர்த்துவது, சுவரை இரு கையாலும் தள்ளுவது போன்றவற்றைச் செய்யலாம். குளிர்ந்த நீரை நெற்றியிலும் கன்னத்திலும் 15 முதல் 30 விநாடி படச் செய்தாலும் இதயத் துடிப்பு குறையும். நீரில் மூழ்கும்போது உடம்பு காட்டும் இயல்பான எதிர்வினை அது. இதய நோய் உள்ளவர்களும், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களும், உணவுக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

உடம்பு அணைந்துபோயிருந்தால் மெல்லிய மூச்சும் தளர்வும் இன்னும் ஆழமாக உள்ளே இழுக்கும். அங்கே அசைவுதான் மருந்து. எழுந்து நில்லுங்கள், கைகளைத் தேய்த்துச் சூடாக்குங்கள், புளிப்பாகவோ காரமாகவோ ஏதாவது வாயில் போடுங்கள், நடந்துகொண்டே சத்தமாக எண்ணுங்கள். எந்த நிலையானாலும் கண்ணை மூடாதீர்கள். மூடினால் வெளியே உள்ள நிகழ்காலம் மறைந்து, உள்ளே ஓடுவது மட்டும்தான் மிஞ்சும்.

அடுத்தது இடம். கவனத்தைச் சுற்றுப்புறத்தில் ஊன்றும் இந்த வேலையைக் கிரவுண்டிங் என்பார்கள். பார்ப்பவை 5, தொடுபவை 4, கேட்பவை 3, முகர்பவை 2, சுவைப்பது 1 என்று வரிசையாகச் சொல்லும் முறை பலருக்குத் தெரியும். அது பலிக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். "நாற்காலி, ஜன்னல், மேசை" என்று ஒப்பித்தால் வாய் ஒரு பக்கம் ஓட, பயம் தன் பாட்டுக்கு ஓடும். "நாற்காலியின் இடது கைப்பிடியில் பெயின்ட் உரிந்திருக்கிறது, அதன் கீழே பழுப்பு மரம் தெரிகிறது" என்ற அளவு நுணுக்கம் இருந்தால்தான் கவனம் நகரும். முடிந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கடைசியாக எண்ணம். இங்கேதான் உண்மையான கற்றல் நடக்கிறது. மன அதிர்ச்சிக்கான சிகிச்சையில் 2000-இல் வெளியான முக்கியமான ஒரு விளக்கத்தைத் தந்த உளவியலாளர்கள் அன்கே ஏலர்ஸும் டேவிட் கிளார்க்கும் இதற்குத் தனி இடம் தருகிறார்கள்: அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடிப் பிடிப்பது. ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். மேலாளர் ஒருவர் பின்னாலிருந்து வந்து, நாற்காலியின் முதுகில் கை வைத்துத் திரையைக் குனிந்து பார்க்கிறார். உட்கார்ந்திருப்பவரின் கை மவுஸ் மேலேயே நின்றுவிடுகிறது. காதோரம் மூச்சு படுகிறது. அவர் கேட்ட கேள்வி காதில் விழவே இல்லை. பிறகு நிதானம் வந்ததும் இப்படிப் பிரிக்கலாம். ஒற்றுமை என்ன? பின்னால் ஆள், காதருகே மூச்சு, எழ முடியாத நிலை. வித்தியாசம் என்ன? ஆள் வேறு. அன்று எனக்கு 11 வயது, இன்று 34. அறைக் கதவு திறந்திருக்கிறது, இரண்டு மேசை தள்ளி ஆட்கள் இருக்கிறார்கள். அன்று எழுந்து போக முடியாது, இன்று நாற்காலியை நகர்த்தி "இந்தப் பக்கம் வாங்க, திரையைத் திருப்பறேன்" என்று சொல்ல முடியும். ஒற்றுமையையும் சேர்த்துச் சொல்வது அவசியம். அதை மறைத்துவிட்டு வித்தியாசத்தை மட்டும் அடுக்கினால், உடம்பு நம்பாது.

இவற்றில் எதையும் பதற்றத்தின் நடுவே முதன்முதலாகச் செய்து பார்த்தால் தோற்கத்தான் செய்யும். அமைதியாக இருக்கும் நேரத்தில், நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஐந்து நிமிடம் என்று இரண்டு வாரமாவது பழகியிருக்க வேண்டும்.

உடம்பு, இடம், எண்ணம் என்ற வரிசையை ஒரு சீட்டில் எழுதிப் போன் உறையில் வைத்துக்கொள்ளலாம். பதற்றத்தில் மூன்று சொல்கூட மறந்துபோகும்.

அடுத்த ஒரு மணி நேரம்

ரத்தத்தில் அட்ரினலின் சில நிமிடங்களில் குறைந்துவிடும். ஆனால் கார்ட்டிசால் என்ற இன்னொரு அழுத்த ஹார்மோன், பதற்றம் தொடங்கி 20 முதல் 30 நிமிடம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். படபடப்பு அடங்கியது என்று நினைத்த பிறகும் உடம்பு முழுதாக இறங்கியிருக்காது. இந்த இடைவெளியில்தான் நீண்ட குறுஞ்செய்திகள் அனுப்பப்படுகின்றன, வேலையை விடுகிறேன் என்று மின்னஞ்சல் போகிறது, உறவுகள் முறிகின்றன. ஒரு மணி நேரத்துக்கு எந்தப் பெரிய முடிவும் வேண்டாம் என்று ஒரு விதி வைத்துக்கொள்வது மிகப் பயனுள்ளது. தண்ணீர் குடித்து, ஏதாவது சாப்பிட்டு, பத்து நிமிடம் நடந்தாலே போதும்.

அந்த நேரத்தில் மது கைக்கு எளிதாக வரும். முதல் மணி நேரம் தணிக்கும். பிறகு தூக்கத்தைக் கெடுத்து, மறுநாள் பதற்றத்தைக் கூட்டிவிட்டுப் போகும்.

இரண்டு வாரக் குறிப்பேடு

என் ட்ரிகர் என்ன என்று யோசித்துக் கண்டுபிடிப்பது கடினம், எழுதிக் கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு முறையும் ஐந்து விஷயங்களைக் குறியுங்கள்: நேரமும் இடமும், அதற்கு ஒரு நிமிடம் முன்பு பார்த்தது அல்லது கேட்டது, உடம்பில் முதலில் எங்கே தெரிந்தது, 0 முதல் 10 வரை எவ்வளவு கடுமை, அடங்க எத்தனை நிமிடம். பழைய நிகழ்வை விவரித்து எழுத வேண்டாம். அது தனியாகச் செய்யும் வேலை இல்லை. ஒரு பதிவுக்கு மூன்று வரி போதும்.

இரண்டு வாரத்தில் இரண்டு விஷயம் வெளிப்படும். ஒன்று, உடம்பின் முதல் அறிகுறி. சிலருக்குத் தாடை இறுகும், சிலருக்கு உள்ளங்கை குளிரும். 3-இல் இருக்கும்போதே அதைப் பிடித்தால் மேலே சொன்ன முறைகள் நன்றாக வேலை செய்யும், 8-க்குப் போன பிறகு கஷ்டம். மற்றொன்று, அன்றைய நாளின் அடித்தளம். ஒரே கதவுச் சத்தம் திங்களன்று 3, வியாழனன்று 8 என்று இருந்தால், வியாழனுக்கு முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், மதிய உணவு தவறியதா, எத்தனை காப்பி என்று பாருங்கள். காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அது தரும் படபடப்பும் பயம் தரும் படபடப்பும் உடம்புக்குப் பெரிதாக வேறுபடாது. பழைய சம்பவம் நடந்த மாதமோ தேதியோ நெருங்கும்போது, நினைவில் இல்லாமலே உடம்பு கனப்பதும் உண்டு.

போகாமலே இருந்தால் என்ன?

இப்போது பூனையிடம் திரும்புவோம். தவிர்த்தால் உடனே நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே தவிர்ப்புக்குப் பரிசாகி அதை வளர்க்கிறது. உளவியலாளர் மவ்ரர் 1947-இல் இதை விளக்கினார்: பயம் பிறப்பது ஒரு தொடர்பினால், நீடிப்பது தவிர்ப்பினால். முதலில் ஒரு தெரு, பிறகு அந்தத் தெருவுக்குப் போகும் பேருந்து, பிறகு மாலையில் வெளியே போவது என்று வட்டம் சுருங்கிக்கொண்டே வரும்.

அதற்காக எல்லாவற்றையும் தவிர்க்காதே என்று சொல்வதும் முட்டாள்தனம். துன்புறுத்தியவரைச் சந்திக்க மறுப்பது நாம் போட்டுக்கொள்ளும் எல்லை, நோய் இல்லை. குடும்ப விழாவில் அவர் இருக்கிறார் என்றால் போகாமல் இருக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. என் பார்வையில் சோதனை ஒன்றுதான்: இதைத் தவிர்ப்பதால் எனக்கு வேண்டிய ஏதாவது என் கையை விட்டுப் போகிறதா? போகிறதென்றால் அங்கே கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிப் பார்க்கலாம்.

நெருங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரே ட்ரிகரை எடுத்துக்கொண்டு, அதன் எளிய வடிவம் முதல் கடினமான வடிவம் வரை ஆறேழு படிகள் எழுதுங்கள். கதவு சாத்தும் சத்தம் என்றால், மெல்ல நீங்களே சாத்துவது முதல் படி, சற்று வேகமாகச் சாத்துவது அடுத்தது, நம்பிக்கையான ஒருவர் சொல்லிவிட்டுச் சாத்துவது அதற்கடுத்தது, சொல்லாமல் சாத்துவது கடைசி. 3 அல்லது 4 கடுமை தரும் படியில் தொடங்குங்கள். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது ஓடிவிட்டால், 'ஓடியதால்தான் தப்பித்தேன்' என்று உடம்பு கற்கும். எதுவும் நடக்கவில்லை என்பது அதற்குத் தெரியும்வரை அங்கேயே இருப்பதுதான் பயிற்சி. ஒரே படியை வெவ்வேறு நாளில், வெவ்வேறு அறையில் செய்ய வேண்டும். 7-க்கு மேல் போனாலோ விலகல் நிலை வந்தாலோ படி பெரிதாகிவிட்டது என்று பொருள், சிறிதாக்குங்கள். தாக்குதல் சம்பவத்தையே மனதில் ஓட்டிப் பார்க்கும் வகைப் பயிற்சியை வீட்டில் தனியாகச் செய்யவே கூடாது. அது சிகிச்சையாளர் உடனிருந்து செய்ய வேண்டியது.

இப்படிப் பயம் தணிவதை 'பய மறைவு' என்பார்கள். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பழைய தொடர்பு அழிவதில்லை. 'கதவுச் சத்தம் என்றால் அடி' என்பதன் பக்கத்தில் 'கதவுச் சத்தம் என்றால் வெறும் சத்தம்' என்ற புதிய பாடம் ஒன்று சேர்கிறது, அவ்வளவே. களைப்பிலும் புது இடத்திலும் பழையது முந்திக்கொள்ளும். தணிந்த எதிர்வினை சில காலம் கழித்துத் தானாகத் திரும்பி வருவதைப் பாவ்லோவே பார்த்திருக்கிறார். ஆறு மாதம் நன்றாக இருந்துவிட்டு ஒருநாள் பழையபடி நடுங்கினால் எல்லாம் வீண் என்று அர்த்தமில்லை. இரண்டு மூன்று படி கீழிறங்கி மறுபடி தொடங்கினால், பெரும்பாலும் முதல் தடவையைவிட விரைவாக ஏறிவிடலாம்.

உடன் இருப்பவர்களுக்கு

பதற்றத்தில் இருப்பவரைக் கேட்காமல் தொடாதீர்கள், கட்டிப்பிடிப்பதும் கூடாது. பின்னாலிருந்து வராமல், அவர் பார்வையில் படும்படி, வெளியே போகும் வழியை மறைக்காமல் நில்லுங்கள். பெயர் சொல்லி அழைத்து, குரலைத் தாழ்த்தி, "நான் இங்கேதான் இருக்கேன். இப்போ நம்ம வீட்டுல இருக்கோம். தண்ணி வேணுமா?" என்ற அளவில் பேசினால் போதும். "என்ன ஆச்சு, எதை நினைச்சே" என்று அப்போது துருவக் கூடாது. எது உதவும், எது கூடாது என்பதை நல்ல நேரத்தில் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்வது சிறந்தது. நீங்களே ட்ரிகராகும் நாளும் வரும். குரலை உயர்த்தியது நீங்கள்தான் என்றால், "உனக்குப் பழசு ஞாபகம் வந்துடுச்சு" என்று பழியை அங்கே தள்ளாமல் குரலைக் குறையுங்கள்.

எப்போது சிகிச்சை

ஒரு மாதத்துக்கு மேலாகத் தூக்கம், வேலை, உறவு எதிலாவது இடைஞ்சல் தொடர்ந்தால் மனநல நிபுணரைப் பார்க்கலாம். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு 1980-லேயே அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் வகைப்பாட்டில் இடம்பெற்றுவிட்டது. நீண்ட கால, திரும்பத் திரும்ப நடந்த துன்புறுத்தலுக்குப் பிறகு அதோடு சேர்ந்து வரக்கூடிய சுயவெறுப்பு, உணர்ச்சியைக் கட்டுப்படுத்த முடியாமை, உறவுச் சிக்கல் ஆகியவற்றை உள்ளடக்கிய 'சிக்கலான' வகையை உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்கு வந்த தன் 11-வது நோய் வகைப்பாட்டில் தனியாகவே சேர்த்திருக்கிறது.

ஆய்வுகளின் பலம் அதிகம் உள்ளவை, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிந்தனை நடத்தை சிகிச்சைகளும், கண்ணசைவைப் பயன்படுத்தும் இஎம்டிஆர் முறையும். வகையைப் பொறுத்துப் பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வுகள் போகும், சிக்கலான வகைக்குக் கூடுதலாகவும் ஆகலாம். தூக்கத்துக்காகவும் பதற்றத்துக்காகவும் தரப்படும் பென்சோடயசெபின் வகை மாத்திரைகள் உடனே அமைதி தரும். ஆனால் அவை பழக்கமாகிவிடக்கூடும், இந்தக் கோளாறுக்கான சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுவதுமில்லை. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென நிறுத்தாமல் மருத்துவரோடு பேசிக் குறைக்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமோ, நேரம் போனதே தெரியாத மறதியோ இருந்தால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி, மருத்துவமனைக்குப் போங்கள்.

முதல் சந்திப்பில் நீங்களும் கேள்வி கேட்கலாம். துன்புறுத்தலுக்கு ஆளானவர்களுக்குச் சிகிச்சை தந்த அனுபவம் உண்டா, எந்த முறையைப் பயன்படுத்துகிறீர்கள், எத்தனை அமர்வு, சொன்னதில் எது ரகசியமாக இருக்கும், எதைச் சட்டப்படி வெளியே சொல்லியாக வேண்டும் என்று கேளுங்கள். முதல் நாளிலேயே முழுக் கதையையும் சொல்லச் சொன்னால் மறுக்கலாம். நடந்ததைப் பற்றிப் பேசத் தொடங்கும் அமர்வுகளில், முடிவில் உடம்பு இறங்கி நிதானத்துக்கு வர எத்தனை நிமிடம் ஒதுக்குவார் என்றும் கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் வேறொருவரைப் பார்ப்பதில் தப்பில்லை.